குடுவையில் விழுந்த மஞ்சள் சட்டை

மரியதாஸ் அன்று காலை மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். அடங்கின மஞ்சள் என்றாலும் பரவாயில்லை. தெருக்கோடியில் நின்றாலே தெரிகிற மஞ்சள். மகள் பிரிஸில்லா போன கிறிஸ்துமஸுக்கு எடுத்துக் கொடுத்தது. பத்து மாதமாக பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடந்ததை அவரே எடுத்து, அவரே இஸ்திரி போட்டு, மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். அதைப் பார்த்த அவர் மனைவி பியாட்ரிஸுக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. பேச்சு வராமல் நிற்கிற ரகம் இல்லை அந்த அம்மாள்.

"இன்னாங்க, பொண்ணு பாக்கவா போறீங்க?"

"வேலைக்குப் போறேன். கோட்டூர்புரத்துல ஒரு வீடு. மண்பாத்திரம் போட்டோ எடுக்கணுமாம்."

"பாத்திரத்துக்கு எதுக்கு இம்மாம் கலர்ல சட்டை?"

மரியதாஸ் கேமரா பையைத் தோளில் மாட்டினார், செருப்பில் காலை நுழைத்தார், வழக்கம்போல ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கிவிட்டார்.

"இது வீடுங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "போய்ட்டு வரேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா வாயில கீற முத்தா உதிந்துடும்?"

பியாட்ரிஸ் முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விதான் இது. மனுஷர் வேண்டுமென்று செய்வதில்லை. அவர் தொழில் அப்படி. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அவருக்கு ஸ்டுடியோ இருக்கிறது. ஸ்டுடியோ என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு ஸ்டூல், ஒரு நீலத் திரை, நூலில் கட்டித் தொங்கும் ஒரு சீப்பு. பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கிறவர்கள் வருவார்கள், போவார்கள். ஆனால் மரியதாஸைத் தேடி நடுப்பகலில் ஆள் ஓடி வந்தால் அது பாஸ்போர்ட்டுக்கு அல்ல. யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

சாந்தோமிலும் சுற்றுவட்ட மாதா கோவில் பங்குகளிலும் ஒருவர் இறந்தால், ஐஸ் பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று ஒரு படம், பிறகு போனவரின் முகத்தை மட்டும் ஒரு படம் எடுத்து வைப்பார்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு அனுப்ப வேண்டுமே. இதில் ஒரு தொல்லை உண்டு. ஐஸ் பெட்டியின் மூடி கண்ணாடி. கூடத்து டியூப் லைட், மேலே சுற்றுகிற ஃபேன், அழுகிறவர்கள், படம் எடுக்கிறவர் எல்லாரும் அதில் வந்து விழுவார்கள். மற்றவர்கள் எடுத்த படங்களில் தாத்தாவின் நெற்றியில் டியூப் லைட் படுத்திருக்கும்; மூக்குக்கு மேல் கேமராக்காரரின் தொப்பை தெரியும். மரியதாஸ் எடுத்த படத்தில் கண்ணாடி என்று ஒன்று இருப்பதே தெரியாது.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி சுலபமானது. ஆறு கஜம் கறுப்பு வெல்வெட் துணி. நடுவில் லென்ஸ் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. ஓட்டையின் விளிம்பை மடித்துத் தைத்துக் கொடுத்தது பியாட்ரிஸ். இரண்டு பேர் இரண்டு முனையைத் தூக்கிப் பிடிக்க, மரியதாஸ் துணிக்குப் பின்னால் நின்று ஓட்டை வழியாக எடுப்பார். கண்ணாடிக்கு எதிரே கறுப்பைத் தவிர வேறொன்றும் இருக்காது. எதிரே ஒன்றும் இல்லாவிட்டால் கண்ணாடி எதைக் காட்டும்? உடம்பிலும் கறுப்புச் சட்டைதான். "படத்துல நாம விழக்கூடாது" என்பார். கோவிலில் கற்ற பத்துக் கட்டளைகளோடு அவர் தாமாகச் சேர்த்துக்கொண்ட பதினோராவது அது.

வேலை முடிந்ததும் துணியை மடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பிவிடுவார். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று யார் சொல்வார்கள்? அந்தப் பழக்கம் காலோடு ஒட்டிக்கொண்டது. கல்யாண வீடு, கடை, சொந்த வீடு, எங்கிருந்து கிளம்பினாலும் அவர் பாட்டுக்குப் போய்விடுவார்.

இப்படிப்பட்ட பெயரில் ஒரு சிக்கல். எங்கேயும் பெருமை அடித்துக்கொள்ள முடியாது. பத்து வருடத்துக்கு முன்னால் தி. நகரில் ஒரு நிச்சயதார்த்தம். மரியதாஸ் விளக்குகளை நிறுத்தி, தட்டு வரிசையை எல்லாம் அழகாக எடுத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "இவரு நம்ம பெரியப்பா செத்தப்போ வந்தவராச்சே" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. கால் மணி நேரத்தில் பெண்ணின் தகப்பனார் ஒரு டம்ளர் மோரோடு வந்து, "வெயில்ல வந்திருக்கீங்க, குடிச்சிட்டு நீங்க கிளம்புங்க, மீதிய எங்க பசங்க எடுத்துக்கிறாங்க" என்று கையைப் பிடித்துச் சொன்னார். யாரும் திட்டவில்லை. மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். அந்த மரியாதைதான் அவருக்கு இன்றுவரை தொண்டையில் நிற்கிறது.

அதனால்தான் ஜொவிட்டா என்று ஒரு பெண் போன் செய்து, "மண்பாத்திரம் செய்றேன், நல்லா பளபளன்னு இருக்கும், படம் எடுத்துத் தரணும்" என்றபோது மரியதாஸுக்கு மனசு குதித்தது. பாத்திரம். யாரும் அழ மாட்டார்கள். "கல்யாணம், கம்பெனி ஐட்டம் எல்லாம் பண்றேன்மா" என்று சொல்லிவிட்டார். கம்பெனி ஐட்டம் என்று அவர் வாழ்நாளில் எடுத்தது ஒரு ஊறுகாய் பாட்டில். அதுவும் லேபிள் கோணலாக வந்தது.

"என் நம்பர் எங்கம்மா கிடைச்சுது?"

"ஒரு போட்டோக்குப் பின்னாடி உங்க சீல் இருந்துச்சு, அங்கிள்."

ஏதோ பிள்ளை கோவிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படமாக இருக்கும் என்று அவர் வைத்துக்கொண்டார். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார் என்பது இன்னும் சரி. ஆகையால் மஞ்சள் சட்டை. ஆகையால் கறுப்புத் துணியைப் பையில் எடுத்து வைக்கவில்லை. ஆனால் அது எப்போதும் கிடக்கிற இடத்தில், ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், நாலாக மடித்தபடி கூடவே வந்தது.

கோட்டூர்புரம் பாலம் தாண்டி, ஆற்றைப் பார்த்த மாதிரி இருந்த அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. ஜொவிட்டாவுக்கு நாற்பது வயது இருக்கும். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து, ஆறு வருடத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு மண்ணில் இறங்கியவள். மொட்டை மாடிக் கொட்டகையில் கரண்டில் ஓடுகிற ஒரு சின்னச் சூளை வைத்திருந்தாள். விரல் நகத்தில் மண் ஏறியிருந்தது. சாப்பாட்டு மேஜையைக் காலி செய்து, ஐந்து உருப்படிகளை வரிசையாக வைத்திருந்தாள்: கழுத்து நீண்ட குடுவை ஒன்று, அகலமான கிண்ணம் இரண்டு, மூடி போட்ட ஜாடி ஒன்று, ஒரு கெட்டில்.

மரியதாஸ் கிட்டப் போய்ப் பார்த்தார். கறுப்புதான், ஆனால் வெறும் கறுப்பு இல்லை. உள்ளே தேன் நிறத்தில் பொட்டுப் பொட்டாக ஏதோ மிதந்துகொண்டு, அடிப்பக்கம் வரவர நீண்டு வழிந்திருந்தது. மேலே கண்ணாடிப் பூச்சு, முகம் பார்த்துத் தலை வாரலாம் போல.

"இந்தப் பூச்சுக்கு கிளேஸ்னு பேரு, அங்கிள். பதினோரு தடவை சுட்டேன், வரலை. பன்னண்டாவது தடவை சூளையத் தொறந்தா இப்படி இருக்கு. மறுபடி வருமான்னு எனக்கே தெரியாது."

பெங்களூரில் ஒரு பெரிய மட்பாண்டக் கண்காட்சி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். தேர்வுக்கு ஐந்து படம் அனுப்ப வேண்டும். பாத்திரத்தை யாரும் நேரில் பார்க்க மாட்டார்கள், படத்தைப் பார்த்துத்தான் முடிவு. ஜொவிட்டா தன் போனில் எடுத்து அனுப்பியிருந்தாள். வந்த பதிலை அவரிடம் காட்டினாள். பாத்திரங்கள் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது, ஆனால் பிரதிபலிப்பில் ஒன்றும் தெரியவில்லை, மூன்றாவது படத்தில் குடுவையின் வயிற்றில் அரைக்கால் டிராயர் போட்ட ஒருவர் காபி குடித்துக்கொண்டிருக்கிறார், அவரும் படைப்பின் பகுதியா என்று தெரிவிக்கவும், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வேறு படங்கள் அனுப்பினால் பரிசீலிக்கிறோம் என்று எழுதியிருந்தது.

"அது என் வீட்டுக்காரர்," என்றாள் ஜொவிட்டா. "இன்னைக்கு ஆஃபீஸ் அனுப்பிட்டேன்."

இன்றுதான் வெள்ளிக்கிழமை. மணி பத்தரை.

மரியதாஸ் குடுவையை எடுத்து வைத்து முதல் படத்தைக் கிளிக் செய்தார். கேமராவின் பின்பக்கம் பார்த்தார். குடுவையில் ஜன்னல் விழுந்திருந்தது. ஜன்னல் கம்பி விழுந்திருந்தது. எதிர் வீட்டுத் தண்ணீர் டேங்க் விழுந்திருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில், சரியாகக் குடுவையின் வயிற்றில், ஒரு எலுமிச்சம்பழம். உற்றுப் பார்த்தால் அந்த எலுமிச்சம்பழத்துக்குத் தலை இருந்தது, தலையில் வழுக்கை இருந்தது.

முப்பது வருடத்தில் அவர் தாம் எடுத்த படத்தில் தாமே விழுந்தது இதுதான் முதல் தடவை.

ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்து, வீட்டு மஞ்சள் விளக்கைப் போட்டார். எலுமிச்சம்பழம் ஆரஞ்சுப் பழமாயிற்று. பக்கவாட்டில் போனார், அதுவும் கூடவே பக்கவாட்டில் வந்தது. குந்தினார், அதுவும் குந்தியது. தட்டைக் கண்ணாடிக்கு ஒரு பக்கம்தான் கண். உருண்டைக்கு எல்லாப் பக்கமும் கண். ஒரு மூலையை மறைத்தால் இன்னொரு மூலையைக் காட்டிக்கொடுக்கிறது.

இதற்கு அவர் தயாராகத்தான் வந்திருந்தார். இரண்டு நாளாக யூடியூபில் பார்த்து, வெள்ளைத் தெர்மாகோல் அட்டைகள் வாங்கி வந்திருந்தார். குடுவையைச் சுற்றி அட்டையால் ஒரு கூண்டு கட்டி, இடுக்கு வழியாக லென்ஸை விட்டு எடுத்தார். எலுமிச்சம்பழம் போயிற்று. கூடவே கறுப்பும் போயிற்று. நல்ல டிகாஷனில் பாலைக் கொட்டின மாதிரி மொத்தமும் வெளுத்து நின்றது. தேன் பொட்டு ஒன்றுகூட இல்லை.

ஜொவிட்டா எட்டிப் பார்த்தாள். சிரித்த முகமாகத்தான் சொன்னாள்: "பிளாஸ்டிக் ஜாடி மாதிரி இருக்கே, அங்கிள்."

லென்ஸ் முன்னால் பளபளப்பைக் குறைக்கிற ஒரு ஃபில்டர் கண்ணாடியை மாட்டித் திருகிப் பார்த்தார். ஒரு இடத்தில் பளபளப்பு அடங்கியது, பக்கத்து இடத்தில் எழுந்து நின்றது. விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். விளக்குக்கு மாட்டுகிற வெள்ளைக் குடையை விரித்தார், குடுவையில் குடையும் விழுந்தது. நடுவில் ஜொவிட்டா எலுமிச்சம் சாதமும் அப்பளமும் கொண்டு வந்து வைத்தாள். தட்டில் இருந்த மஞ்சளைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் பசி, சாப்பிட்டார்.

இரண்டேகாலுக்கு அவருக்கு ஒரு யோசனை வந்தது. வரக்கூடாத யோசனை.

"கல்யாணப் பொண்ணு மூஞ்சி மினுங்குச்சுன்னா லேசா பவுடர் ஒத்துவோம்மா. இதுக்கும் கொஞ்சூண்டு போட்டா..."

ஜொவிட்டா கோபப்படவில்லை. குடுவையைத் தன் பக்கம் ஒரு அங்குலம் நகர்த்திக்கொண்டாள். "இந்த மினுக்குக்காகத்தான் அங்கிள் பன்னண்டு தடவை சுட்டேன். அதை மறைச்சிட்டா அப்புறம் காட்ட என்ன இருக்கு?"

மரியதாஸ் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கமாக இருந்தது. பவுடருக்காக மட்டும் இல்லை. வழி தெரியாமல் அவர் தவிக்கவில்லை. முதல் படத்திலேயே வழி தெரிந்துவிட்டது. வழி கீழே, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், நாலாக மடித்துக் கிடந்தது. ஓடிப் போய் எடுத்து வந்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். ஆனால் நடுவில் ஓட்டை போட்ட அந்தக் கறுப்புத் துணியை ஒரு சாவில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இந்தப் பெண்ணின் கழுத்தில் சிலுவை தொங்குகிறது. எங்காவது, யார் வீட்டிலாவது பார்த்திருப்பாள். புதுசாகப் பிறந்த பாத்திரங்களுக்கு முன்னால் சாவு வீட்டுத் துணியை விரித்தால் எந்தப் பெண் சும்மா இருப்பாள்? மோர் டம்ளர் வரும். "நீங்க கிளம்புங்க அங்கிள்" வரும்.

தன் வெட்கத்துக்காக இவள் ஆறு வருட உழைப்பை ஐந்து மணிக்குத் தூக்கிப் போடப் பார்க்கிறாரே, இது நியாயமா என்று கேட்டால், நியாயமே இல்லை. அது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் அட்டையை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, இன்னும் முக்கால் மணி ஓட்டினார்.

சுவர்க் கடிகாரம் மூன்றைத் தொட்டது. ஜொவிட்டா எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அங்கிள், தப்பா நெனைக்காதீங்க. அந்தக் கறுப்புத் துணி கொண்டு வரலையா?"

மரியதாஸின் கையிலிருந்த தெர்மாகோல் அட்டை 'டப்' என்று ஒடிந்தது.

"எந்தத் துணிம்மா?"

"நடுவுல ஓட்டை இருக்குமே. எங்க அப்பாவை எடுக்கும்போது வச்சிருந்தீங்களே, அது."

எழுந்துவிடலாமா என்று அவர் கால்கள் பார்த்தன. பையை எடுத்து, சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போகிற கலையில்தான் அவரை மிஞ்ச ஆள் கிடையாதே. ஆனால் அந்தப் பெண்ணின் குரலில் மோர் டம்ளர் இல்லை. அதனால் உட்கார்ந்திருந்தார்.

"வேளச்சேரியில எங்க வீடு. ஒம்போது வருஷம் ஆச்சு. ஃபிரெட்ரிக்னு பேரு, கணக்கு வாத்தியார். என் தம்பி ஆஸ்வின் கனடாவுல இருந்தான், அவனால வர முடியலை. அவனுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டோம். உங்ககூட துணி பிடிக்கிற ஆள் அன்னைக்கு வரலை. என்னையும் எங்க பெரியம்மா பையனையும் ஆளுக்கொரு முனை பிடிக்கச் சொன்னீங்க."

"ஃபிரெட்ரிக் சாரு," என்றார் மரியதாஸ். கண்ணை மூடிக்கொண்டார். "வலது புருவத்துல ஒரு வெட்டு. கையில வாட்ச்சு கட்டினு இருந்தாங்க. ஓடிக்கினு இருந்துச்சு."

ஜொவிட்டா தலையை ஆட்டினாள்.

"போனவங்க மூஞ்சி எல்லாம் எனக்கு ஞாபகம் கீதும்மா. உயிரோட கீறவங்க மூஞ்சிதான் நிக்க மாட்டேங்குது. உன்னைத் தெரியலை பாரு."

"என்னை எப்படித் தெரியும்? நான் துணிக்குப் பின்னாடில்ல நின்னேன்." அவள் கையில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினாள். "அன்னைக்கு எல்லாத்தையும் நான்தான் பாத்துக்கணும். பெட்டி, பூ, ஃபாதர், வர்றவங்களுக்கு டீ. அழவே நேரம் இல்லை. அந்தத் துணியைத் தூக்கிப் பிடிச்சு நின்னப்போதான் யாரும் என்னைப் பாக்கலை. அங்கதான் மொதல்ல அழுதேன். நீங்க பக்கத்துலயேதான் இருந்தீங்க. திரும்பிக்கூடப் பாக்காம, 'கொஞ்சம் மேல தூக்கும்மா'ன்னு மட்டும் சொன்னீங்க."

மரியதாஸ் மூக்கை உறிஞ்சினார்.

"அந்தப் படத்தை அனுப்பினப்போ ஆஸ்வின் போன் பண்ணினான். அக்கா, மேல கண்ணாடி இருக்குறதே தெரியலை, பக்கத்துல உக்காந்து பாக்குற மாதிரி இருக்குன்னான். வாட்ச் கண்ணாடியில கூட வெளிச்சம் விழலை, அங்கிள். போன வாரம் இந்தக் குடுவையில என் வீட்டுக்காரர் டிராயரைப் பாத்தப்போ எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. போட்டோவத் திருப்பி சீலைப் பாத்து நம்பர் எடுத்தேன்."

"அப்போ தெரிஞ்சுதான் கூப்பிட்டியாம்மா?"

"வேற எதுக்கு உங்களைக் கூப்பிடுவேன்? பாத்திரம் எடுக்க ஊருல நூறு பேரு இருக்காங்க."

"கல்யாணம், கம்பெனி ஐட்டம்னு நான் பாட்டுக்கு அளந்தேனே."

"அளந்தீங்க. பெரியவர் ஆசையாச் சொல்றாருன்னு விட்டுட்டேன்."

"காலையிலயே கேட்டிருக்கலாமேம்மா."

"கேக்கத்தான் நெனச்சேன். கதவத் தொறந்தா மஞ்சள் சட்டையில நிக்கிறீங்க. எப்படிக் கேக்குறது?"

மரியதாஸ் சிரித்துவிட்டார். அடக்க முடியாமல், தோள் குலுங்கச் சிரித்தார். பத்து வருடமாகத் தொண்டையில் நின்ற மோர் அப்போதுதான் இறங்கியது. எவ்வளவு லேசாக இருந்தது என்றால், ஐம்பத்தெட்டு வயதுக்காரர் லிஃப்டைத் தவிர்த்துவிட்டு இரண்டு மாடியும் படியில் ஓடி இறங்கி, துணியைத் தூக்கிக்கொண்டு படியிலேயே ஏறி வந்தார். மேலே வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு நிமிடம் சுவரில் சாய்ந்து நின்றது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு நடந்தது வேலை. இத்தனை நேரம் நடந்தது கூத்து.

துணியின் ஒரு முனையை அலமாரிக் கதவில் மாட்டினார். மறு முனையை ஜொவிட்டா பிடித்துக்கொண்டாள். அவளுடைய கறுப்புத் துப்பட்டாக்கள் இரண்டை வாங்கி, ஒன்றை நாற்காலிகளின் மேல் போட்டு மேஜையின் அந்தப் பக்கத்தை அடைத்தார். இன்னொன்றை மஞ்சள் சட்டையின் மேல் கழுத்து வரை போர்த்திக்கொண்டார். குடுவையைச் சுற்றி எங்கு பார்த்தாலும் கறுப்பு. முழுக்கக் கறுப்பாக விட்டால் குடுவை இருட்டில் கரைந்து போகும். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவரைத் தலைமாட்டில் நிற்கச் சொல்வார். அந்த வெள்ளையில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் முகத்தில் இதமாக விழும். அது ஞாபகம் வந்தது.

"வெள்ளை வேட்டி இருக்காம்மா வீட்டுல?"

"வேட்டியா? அவரு டிராயர்ல நிக்கிறதைத்தான் அந்த லெட்டர்ல படிச்சீங்கல்ல அங்கிள்? பெட்ஷீட் வேணா தரேன்."

விளக்கை அணைத்து, ஜன்னலைத் திறந்து, அதில் வெள்ளை பெட்ஷீட்டைக் கட்டி, திரையை ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் திறந்து வைத்தார். ஆற்றுப் பக்கத்து வெளிச்சம் பெட்ஷீட்டில் வடிந்து உள்ளே வந்தது. ஓட்டையில் லென்ஸை விட்டார்.

"கொஞ்சம் மேல தூக்கும்மா."

சொன்ன பிறகுதான் அது என்ன வாக்கியம் என்று அவருக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தார். இந்தத் தடவை திரும்பிப் பார்த்தார். ஜொவிட்டா கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"எடுங்க அங்கிள். மணியாகுது."

எடுத்தார். இருவரும் தலையைச் சேர்த்துக் கேமராவின் பின்பக்கம் பார்த்தார்கள். ஜன்னல் இல்லை, டேங்க் இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை. குடுவையின் தோளிலிருந்து அடி வரை மெல்லிசாக ஒரே ஒரு வெளிச்சக் கோடு இறங்கியது. அதனால் குடுவையின் உருண்டை வடிவம் தெரிந்தது. கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஆழமான கறுப்பு, அதற்குள் தேன் பொட்டுகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக. பளபளப்பும் இருந்தது. பளபளப்புக்குள் வேறு யாரும் இல்லை.

"இதுதான்," என்றாள் ஜொவிட்டா. "சூளையத் தொறந்தப்போ நான் பாத்தது இதுதான்."

கிண்ணங்களுக்குத் துணியை மேலேயும் கூரையாக இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. கெட்டிலின் மூக்கு மட்டும் படுத்தியது. அதில் மரியதாஸின் கட்டைவிரல் குட்டியாகத் தெரிந்தது. விரலைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டு மறுபடி எடுத்தார். நாலு மணி இருபதுக்கு ஐந்து படமும் கணினியில் ஏறிவிட்டன. நிறத்தைச் சரிபார்க்கக் குடுவையைத் திரைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, "இவ்ளோதானே? இன்னும் கொஞ்சம் சிவப்பா?" என்று அவளையே கேட்டுக் கேட்டு முடித்தார். நாலு முப்பத்தெட்டுக்கு ஜொவிட்டா அனுப்பினாள்.

அனுப்பிவிட்டு இருவரும் ஆளுக்கொரு நாற்காலியில் சரிந்தார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது. ஐந்து அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் மினுக்கியது. ஜொவிட்டா படித்தாள், பிறகு அவரிடம் நீட்டினாள். இரண்டே வரி. இப்போதுதான் பாத்திரங்களைப் பார்க்கிறோம், ஐந்தும் தேர்வுக்குப் போகின்றன, படம் எடுத்தவரின் பெயரைத் தெரிவிக்கவும் என்றிருந்தது.

"என்னன்னு போடட்டும் அங்கிள்? சும்மா பேரு மட்டும் போதுமா?"

மரியதாஸ் யோசித்தார். "மரியதாஸ், மயிலாப்பூருன்னு போடும்மா. அந்த சீல்ல என்ன கீதோ, அதையே போடு."

சாமான்களைக் கட்டினார். துணியைக் கடைசியாக, விளிம்போடு விளிம்பு சேர்த்து, நாலாக மடித்தார். இந்தத் தடவை அதை மறைக்காமல் கையிலேயே எடுத்துக்கொண்டார். ஜொவிட்டா குடுவையைப் பழைய துண்டில் சுற்றி அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். மரியதாஸின் கால்கள் முப்பது வருடப் பழக்கத்தில் தாமாகச் செருப்பைத் தேடின, தாமாக வாசலைத் தாண்டின. முதல் வளைவு வரைக்கும் இறங்கிவிட்டார்.

அங்கே நின்றார்.

இது சாவு வீடு இல்லை, பாத்திரம் இருக்கிற வீடு. அடுத்த சூளை திறக்கும்போது மறுபடி கூப்பிடப் போகிற வீடு. தான் யார் என்று தெரிந்தே கதவைத் திறந்த வீடு. மரியதாஸ் திரும்பி, இறங்கிய படியை மறுபடி ஏறி, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்த மூன்று வார்த்தை சொல்ல இத்தனை கூச்சமா என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

"நான் போய்ட்டு வரேம்மா."

அலமாரிக்குள்ளிருந்து ஜொவிட்டாவின் தலை நீண்டது.

"போய்ட்டு வாங்க, அங்கிள்," என்றாள். "ஆனா அடுத்த தடவை கறுப்புச் சட்டை."